ஊர் கூடி ஓர் இயற்கைப் பூங்கா: வரைபடம் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

காவிரிப் படுகையில் சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்று கிடையாது. பதிவேட்டில் தரிசு என்றோ புறம்போக்கு என்றோ எழுதியிருக்கும். நேரில் போய் நின்றால் காலையில் ஆடு மேயும், மதியம் யாராவது கோரை அறுப்பார்கள், ஐப்பசி அடைமழையில் பக்கத்து முப்பது மா (பத்து ஏக்கர்) வயலின் தண்ணீர் அங்கேதான் வந்து வடியும். பூங்காத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. காலி நிலம் என்று நினைத்துப் படம் வரைந்து, மதிப்பீடும் போட்டு முடித்தபின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். அதற்குப் பிறகு ஊர்க்காரர் முடிவு செய்ய மிச்சமிருப்பது பெஞ்சுக்கு என்ன நிறம் என்பது மட்டும்தான்.

ஆகவே ஊரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பூங்காவில் என்ன வேண்டும்?" என்பதல்ல. "இந்த நிலம் இப்போது யாருக்கு என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது?" என்பதே. இரண்டாவது கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்விக்கான பதில் பாதி தானாக வந்துவிடும். மூன்று முதல் பத்து ஏக்கர் வரையிலான ஊராட்சி, பேரூராட்சி இடங்களை மனதில் வைத்து இந்த முறையைச் சொல்கிறோம். முதல் நடையிலிருந்து நடவு வரை ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். அதைச் சுருக்க முடியாது, ஏனென்றால் மழைக்காலத்தையும் கோடையையும் இரண்டையும் அந்த நிலத்தில் பார்த்தாக வேண்டும்.

காகிதத்தில் நிலம் யாருடையது

கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் 'அ' பதிவேடு, சாகுபடியை எழுதும் அடங்கல், எஃப்.எம்.பி. என்கிற புலப்படம். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, வகைப்பாடு நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் மனு போடலாம்.

வகைப்பாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். குளம், ஏரி, வாய்க்கால் என்று இருந்தால் அதன் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், நடைபாதையோ கட்டடமோ போட நினைக்காதீர்கள். கரையில் மரம் வைப்பதற்கும் அந்த நீர்நிலையைப் பராமரிக்கும் துறையின் அனுமதி வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. மேய்க்கால், களம் போன்ற ஊர்ப் பொது நிலங்களைக் காப்பாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-இல், ஜக்பால் சிங் வழக்கில், தீர்ப்புச் சொன்னது. நம் பக்கத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் அதிகம் என்பதால், யாருக்கும் சொந்தமில்லாதது போலத் தெரியும் திடல் கடைசியில் ஒரு தேவஸ்தானத்தின் பெயரில் இருக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோர ஊராக இருந்தால் 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையையும் பார்த்துவிடுங்கள். கூட்டம் போட்டு ஆசையை வளர்த்துவிட்டு, பிறகு நிலமே நம்முடையதில்லை என்று தெரிந்தால், அடுத்த முறை அழைக்கும்போது ஒருவரும் வரமாட்டார்கள்.

பரப்பை ஊரில் சொல்லும்போது ஹெக்டேரில் சொல்லாதீர்கள். இரண்டு ஹெக்டேர் என்றால் தலையாட்டுவார்கள், மனதில் உருவம் வராது. "ஏறக்குறைய பதினைந்து மா" என்றால் உடனே புரியும். முக்கால் வேலி என்று அவர்களே கணக்குச் சொல்வார்கள். ஏக்கருக்கு மூன்று மா, வேலிக்கு இருபது மா என்பது இங்கே பெரியவர்கள் நாவில் இருக்கும் கணக்கு.

தண்ணீர் நிற்கும்போது ஒரு நடை

முதல் நடையைக் கார்த்திகையில் வையுங்கள், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள். கோடையில் பார்த்துவிட்டு இடம் குறித்தவர்கள்தான் குழந்தைகள் விளையாடும் இடத்தை முழங்கால் தண்ணீரில் கொண்டுபோய் வைக்கிறார்கள். எட்டுப் பத்துப் பேர் போதும். பாசனத் தண்ணீர் திருப்பிப் பழகியவர் ஒருவர், ஆடு மேய்ப்பவர் ஒருவர், பக்கத்து வயல்காரர், அந்தப் பக்கமாகத் தினம் நடக்கும் பெண்கள் இரண்டு பேர் இவர்களில் கட்டாயம் இருக்க வேண்டும். கையில் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட், ஆறடி மூங்கில் கழி, அடி குறித்த கயிறு.

மரத்திலும் மதகுச் சுவரிலும் தண்ணீர் நின்ற தடத்தைப் பாருங்கள். "பெரியம்மா, பெருமழை வருசத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?" என்று கேட்டு, அவர் கை காட்டும் உயரத்தில் பெயின்டால் கோடு போட்டு ஆண்டையும் எழுதுங்கள். இருவர் வேறு வேறு உயரம் சொன்னால் இரண்டையும் குறியுங்கள். அங்கேயே விவாதம் செய்து ஒன்றாக்க வேண்டாம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த வடிகால் வழியாகப் போகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்ற மூன்று விவரம் இந்த நடையில் கிடைத்துவிட்டால் போதும்.

அந்த வடிகாலை அடைக்கும், குறுக்கும், மேடாக்கும் எந்த யோசனையும் திட்டத்துக்குள் வரக் கூடாது. டெல்டாவின் சரிவு மிகக் குறைவு. ஓர் அடி மண்ணடித்து நிலத்தை உயர்த்தினாலும் அந்தத் தண்ணீர் பக்கத்து வயலில் போய் நிற்கும். சம்பாப் பயிர் அழுகும். பூங்காவுக்கு முதல் எதிரி அந்த வயல்காரர்தான். தாழ்ந்த பகுதியைச் சதுப்பாகவே விட்டுவிடுங்கள். நத்தைகுத்தி நாரையும் தாழைக்கோழியும் அங்கேதான் வரும். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுமே பாசன ஏரிகள். தண்ணீர் வந்தால் பறவை வரும், வற்றினால் போகும் என்கிற அந்த இயல்பை உங்கள் பூங்காவும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுக்க நீலத் தண்ணீர் வேண்டும் என்று சிமென்ட் தொட்டி கட்டினால் பறவைக்கும் பயனில்லை, மோட்டார் கரன்ட் பில்லும் நின்றபாடிருக்காது.

கூட்டத்துக்கு வராதவர் பட்டியல்

கூட்டம் என்றால் வருகிறவர்கள் எப்போதும் வருவார்கள். நாம் எழுத வேண்டியது வராதவர்களின் பட்டியல். ஒரு வாரம் காலை, மதியம், மாலை மூன்று நேரமும் நிலத்துக்குப் போய், அங்கே பார்த்தவர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன செய்தார், எந்த வழியாக வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார். பெரும்பாலும் இவர்களெல்லாம் வருவார்கள்: ஆடு மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், கோரை அறுப்பவர், குளத்தில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், துணி துவைப்பவர், மறைவிடம் தேடி வரும் பெண்கள், கிரிக்கெட் ஆடும் பையன்கள், ஐயனாருக்குப் பொங்கல் வைப்பவர், கருமாதிக்குப் படித்துறைக்கு வருபவர்.

இதில் சிலர் ஊரிலேயே இருக்கமாட்டார்கள். சம்பா அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தை ஓட்டிவரும் கீதாரிகள், அறுத்த வயலில் ஆடுகளைத் தங்கவைத்துக் கிடை போட வருவார்கள். வாத்து மேய்ப்பவர்களும் வருவார்கள். அவர்கள் தங்கும் திடலும் ஆடு தண்ணீர் குடிக்கும் துறையும் உங்கள் பூங்காவுக்குள் வந்துவிட்டதா என்று மாசி, பங்குனியில் அவர்கள் கிடையிலேயே போய்ப் பேசுங்கள். கேட்காமல் வேலி போட்டால் முதல் கோடையிலேயே வேலி பிரிந்துவிடும்.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலனித் தெருவுக்கு எல்லாக் கூட்டத்துக்கும் "அறிவிப்பு" போகும்; கூட்டம் கோயில் மண்டபத்திலோ ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலிலோ இருக்கும். அங்கே அவர்கள் வந்தாலும் பேசமாட்டார்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஊராட்சிக் கட்டடம் ஆகிய இடங்களில் ஒன்றைப் பிடியுங்கள். முதல் கூட்டத்தைக் காலனித் தெருவிலேயே வைப்பது இன்னும் நல்லது. எல்லாருக்கும் ஒரே ஜமுக்காளம்; நாற்காலி முதியவருக்கும் நடக்க முடியாதவருக்கும் மட்டும். மேடை வேண்டாம். தண்டோரா போடும் வழக்கத்தை அரசே 2022-இல் நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எல்லாத் தெருவுக்கும் ஒரே அறிவிப்பை ஒரே நாளில் சொல்லுங்கள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, டீக்கடை மூன்றிலும் கையால் எழுதிய தாளை ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் பலர்.

நாளும் நேரமும்

சாகுபடியை ஒட்டித்தான் நாள் குறிக்க வேண்டும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவு தொடங்கிவிடும். ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு. தை, மாசியில் அறுவடை. இந்த நாட்களில் காலையில் கூட்டம் வைத்தால் வருபவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். பங்குனி, சித்திரை தோதானது. நடவு, களையெடுப்புக்குப் போகும் பெண்கள் மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். மாலை நான்கிலிருந்து ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் பெண்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள், அது அவர்கள் தவறல்ல.

கோலமாவு வரைபடம்

கட்டடக் கலைஞர் கொண்டுவரும் தாளைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பலரும் கூச்சப்படுவார்கள். தரையில் தாங்களே வரைந்தால் கூச்சம் போய்விடும். இருபத்தைந்து முப்பது பேருக்கு மூன்று குழு: பெண்கள், ஆண்கள், பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொரு குழுவுக்கும் பதினைந்துக்குப் பதினைந்து அடி சாணம் தெளித்த தரையோ சிமென்ட் தளமோ வேண்டும். இரண்டு கிலோ வெள்ளைக் கோலமாவு, நீலப் பொடி, செங்கல் தூள், கரித்தூள், வேப்பந்தழை, கூழாங்கல் கொஞ்சம்.

முதலில் கிழக்கைக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்து நீலப் பொடியில் ஆறு, வாய்க்கால், வடிகால், தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி. டெல்டாக்காரர் யாரும் வாய்க்கால் இல்லாமல் ஊரை நினைத்துப் பார்ப்பதில்லை. அதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாகச் சரியான இடத்தில் விழும். பிறகு தெருக்கள், சுடுகாட்டுப் பாதை, கோயில். அதன்பின் செங்கல் தூளில் அவரவர் தினம் நடக்கும் தடம். பெரிய மரங்களுக்குத் தழை, பாம்பு அதிகம், இருட்டு, பயம் என்று நினைக்கும் இடங்களுக்குக் கரி.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு ஒன்று. படித்த இளைஞர் ஒருவர் மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, கூகுள் மேப்பில் பார்த்ததைப் போலக் கச்சிதமாக வரைந்துவிடுவார். மற்றவர்கள் "தம்பி நல்லா போடுது" என்று உட்கார்ந்துவிடுவார்கள். படம் அழகாக இருக்கும், தகவல் இருக்காது. கிண்ணத்தை அந்தக் குழுவில் மூத்த பெண்மணி கையில் கொடுங்கள். "அப்பாயி, நீங்க போடுங்க, தப்பா இருந்தா நாங்க சொல்றோம்" என்றால் அவர் வரைய வரைய நாலு பேர் திருத்துவார்கள். அந்தத் திருத்தம்தான் நமக்கு வேண்டியது. நடத்துபவர் வாய் திறக்காமல் ஓரமாக நின்று குறிப்பெடுக்க வேண்டும்.

மூன்று படங்களையும் அருகருகே பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆண்கள் படத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதை பெண்கள் படத்தில் இருக்கும். பிள்ளைகள் படத்தில் மீன்கொத்தி பொந்து வைத்திருக்கும் கரை இருக்கும். எல்லாரும் முதலிலிருந்து ஒரே படம் வரைந்தால் இந்த மூன்றும் கிடைக்காது. முடிந்ததும் பள்ளி மாடியிலிருந்து புகைப்படம் எடுத்து, அன்று மாலையே சார்ட்டில் பிரதி எடுத்துவிடுங்கள். காலைவரை வைத்திருந்தால் கோழி கிளறிவிடும்.

அப்படியே ஊரின் தாவரம், பறவை, மீன் விவரங்களையும் எழுதிக்கொள்ளலாம். பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பதிவேடு இருந்தால் கூட்டத்தில் வாசித்துச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் இதுவே தொடக்கம்.

புளியங்கொட்டை ஓட்டு

ஆசைப் பட்டியல் நீளும்போது முன்னுரிமை பார்க்க வேண்டும். கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். எட்டுக்கு மேற்படாத யோசனைகளைப் படமாக வரைந்து, மூடியில் துளையிட்ட டப்பாக்கள் மேல் ஒட்டி, ஒரு வகுப்பறைக்குள் வரிசையாக வையுங்கள். ஆளுக்குப் பத்துக் கொட்டை. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் போட்டுவிட்டு வரலாம். பெண்களுக்குப் புளியங்கொட்டை, ஆண்களுக்கு ஆமணக்கு, பிள்ளைகளுக்கு மக்காச்சோளம் என்று கொடுத்தால் பிறகு பிரித்து எண்ண முடியும். மொத்தத்தில் நான்காவதாக வரும் கழிப்பறை, பெண்கள் கணக்கில் முதலிடத்தில் நிற்கலாம். பிரித்து எண்ணாவிட்டால் அது தெரியவே தெரியாது.

ஆனால் எல்லாவற்றையும் டப்பாவில் போடக் கூடாது. காலனிக்குப் போகும் பாதை, சுடுகாட்டுப் பாதை, வடிகால், மேய்ச்சல் வழி இவையெல்லாம் உரிமைகள். பத்து வீட்டுக்காரரின் பாதையை இருநூறு பேர் ஓட்டுப் போட்டு மூடிவிட முடியாது, மூடவும் கூடாது. இதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய இன்னொன்று ஹைமாஸ் விளக்கு. எல்லா ஊரிலும் கேட்பார்கள். பயத்துக்காகக் கேட்கிறார்கள் என்பதால் சட்டென்று மறுக்க வேண்டாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில் பயம் என்று கேளுங்கள். கரித்தூள் வைத்த இடங்கள் உங்களிடம் இருக்கின்றன. வாசலிலும் ஊர்ப் பாதையிலும் கீழ்நோக்கிய தாழ்வான விளக்கு போட்டால் பயம் தீரும், கொக்கு அடையும் மரங்களும் இருட்டிலேயே இருக்கும்.

எந்த மரம் என்பதற்கு ஒரே கேள்வி

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னை கோடிக்கணக்கான ரூபாய்க்குச் சாய்ந்தது. "கஜாவுல உங்க தெருவுல எந்த மரம் நின்னுச்சு?" என்று கேளுங்கள். மரப் பட்டியல் தயாராகிவிடும். அதை நிலத்தோடு பொருத்துவது நம் வேலை. தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நீர்மருது, நீர்க்கடம்பு, நாவல், புங்கம். உப்புக் காற்றும் உவர் மண்ணும் உள்ள இடத்துக்குப் புன்னை, பூவரசு, பனை. மேட்டில் இலுப்பை, வேம்பு, ஆல், அரசு. வேப்பங்கன்றைத் தாழ்வில் வைத்தால் முதல் மழையிலேயே வேர் அழுகும்.

சீமைக் கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஒரே நாளில் பொக்லைன் வைத்து வழித்தெடுக்காதீர்கள். சீமைக் கருவேலம் பல வீட்டுக்கு அடுப்பு விறகு. அதில் கூடு வைத்த பறவையும் இருக்கும். மூன்றில் ஒரு பங்காக, கோடையில், வேரோடு எடுத்து, அங்கே நாட்டு மரம் தலை தூக்கியபின் அடுத்த பங்கு. வெட்டிய விறகு யாருக்கு என்பதையும் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். இதைப் பேசாமல் விட்டுச் சண்டையில் முடிந்த வேலைகள் நிறைய.

தரையில் கோடு

திட்டம் தாளுக்கு வந்ததும் நிலத்தில் முழு அளவில் காட்டுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு மூங்கில் கழி என்றால் 400 மீட்டர் பாதைக்கு 81 கழி போதும். பாதைக்கு வெள்ளைத் துணி, வேலிக்குச் சிவப்பு, சதுப்புக்கு நீலம். பாதை ஆறடி அகலம். ஏற்றம் வரும் இடத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், சக்கர நாற்காலி ஏறுவதற்கு. சக்கர நாற்காலியில் வருபவரையே தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அடித்தளம் சரியாகக் கெட்டிப்படாமல் பேவர் பிளாக் போட்டால் இரண்டே பருவத்தில் பல் விழுந்த வரிசைபோல் ஆகிவிடும். கழிகளை இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். யாராவது பிடுங்கினால் கோபப்படாமல் எந்தக் கழி என்று பாருங்கள். அநேகமாக அது ஒருவருடைய நடைபாதையை மறித்திருக்கும்.

கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22-இல் யோசனையை அறிவித்து, மே 1-இல் வரைவை வைத்து, ஆகஸ்ட் 15-இல் தீர்மானம் என்று திட்டமிடலாம். ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி போன்ற நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபாவும் இந்த வேலையைச் செய்யும்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். தீர்மானத்தை முழுதாக எழுதி, சத்தமாக வாசித்து, அதற்குக் கீழேதான் கையெழுத்து. சர்வே எண், பரப்பு, மூடப்படாத பாதைகள், வடிகால், மேய்ச்சல் ஏற்பாடு எல்லாம் அதில் வார்த்தையாக இருக்க வேண்டும். தலைவரோ தனி அலுவலரோ மாறினாலும் அந்தத் தாள் நிற்கும்.

ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் ஒரு வாரத்துக்குள் ரேஷன் கடைச் சுவரில் மூன்று பத்தி கொண்ட தாள் ஒட்டுங்கள்: என்ன சொன்னீர்கள், என்ன செய்தோம், எதைச் செய்யவில்லை, ஏன். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். கேட்டது கிடைக்காததைவிட, கேட்டது என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போவதுதான் மக்களை விலக்குகிறது.

சாவி யாரிடம்

குழி கோடையிலேயே, இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் இரண்டடி. நடவு ஆவணி, புரட்டாசியில். அடைமழைக்கு முன் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். தாழ்ந்த இடத்தில் ஒன்றரை அடி மேடு கட்டி, நாலடி வளர்ந்த கன்றாக வையுங்கள். சின்னக் கன்று தண்ணீருக்குள் மூழ்கிப் போகும். வேலி மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். அங்கே மரம் எட்டடி தாண்டி ஆட்டின் வாய்க்கு எட்டாமல் போனதும் வேலியை அடுத்த பங்குக்கு மாற்றலாம். அதுவரை வேலிக்குள் வளரும் புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமை, முன்பு அங்கே மேய்த்தவர்களுக்கே என்று தீர்மானத்தில் எழுதுங்கள். அவர்களே கன்றுக்கும் காவலாக இருப்பார்கள்.

பராமரிப்புக் குழுவில் பதினொரு பேர் போதும். பாதிப் பேர் பெண்கள், எல்லாத் தெருவுக்கும் இடம், மேய்ப்பவர் ஒருவர், பள்ளியின் தேசிய பசுமைப் படை ஆசிரியர் ஒருவர். வாசல் சாவி இரண்டு செய்யுங்கள். ஒன்று ஊராட்சியில், மற்றொன்று நிலத்துக்கு மிக அருகில் இருக்கும் வீட்டில். அந்த வீடு எது என்பதை, வாசல் கட்டுவதற்கு முன்பே அந்த வீட்டாரைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.